இலை போடாமல் வந்த கோமதின்

ஜனவரி 19, திங்கள்

விடிகாலைப் பனி. ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் வரும்வரை பஸ் டிரைவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் லேப்.

கதவைத் திறந்ததும் பிரிடின் நாற்றம். அழுகின மீனை மூத்திரத்தில் ஊறப்போட்ட மாதிரி. லீவுக்கு முன்னால் எந்த மகராசனோ பாட்டிலைச் சரியாக மூடாமல் போயிருக்கிறான். ஃபிரிட்ஜில் புரோமின் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டிபன் டப்பா, உள்ளே சர்க்கரைப் பொங்கல், அதன் மேல் பச்சைப் பூஞ்சை. எடுத்துக் கொட்டினேன். கை இன்னும் நாறுகிறது. சீயக்காய், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

செய்ய வேண்டியவை:
– பி.எச்.டி. சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) வரைவு. 4ஆம் அத்தியாயம் மட்டும் பாக்கி
– எத்தில் அசிடேட் காய்ச்சி வடிப்பது (பர்வீன்)
– சார் வீட்டுக்குப் பத்திரிகைக் கட்டு
– ஹாஸ்டலுக்கு பக்கெட். பழையது ஓட்டை

மூன்றாவதுதான் இந்த மாதத்தின் ஆராய்ச்சி. சாருக்கு அறுபது முடிகிறது. பிப். 5 திருக்கடையூரில் மணிவிழா. மே மாதம் ரிட்டயர்மென்ட். அவர்தான் என் கைடு. மே மாதத்துக்குள் அவர் கையெழுத்தோடு சினாப்சிஸ் போகாவிட்டால் எனக்குப் புது கைடு, புதுத் தலைப்பு, மறுபடி முதலிலிருந்து. ஐந்து வருடம் போனது போனதுதான்.

மணிவிழா மலரில் நடுப்பக்கம் என் காம்பவுண்டு. முத்துப்பேட்டை அலையாத்தி இலையிலிருந்து நான் பிரித்தெடுத்த எண்ணெய். ஒரு பென்சீன் வளையம், அதன் அடுத்தடுத்த இரண்டு மூலையில் இரண்டு எஸ்டர் கை. நிறம் இல்லை, வாசனை இல்லை. பாக்டீரியாவைக் கொல்கிறது என்று சாரின் நண்பர் லேபிலிருந்து முடிவு வந்தது. புதிய பொருளுக்குக் கண்டுபிடித்தவர் பெயர் வைக்கலாமே, சார் தன் மனைவி பெயரை வைத்துவிட்டார். கோமதின். கட்டுரை ஓர் ஆங்கில இதழின் பரிசீலனையில் இருக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்கு ஊரில் பட்டுப்புடவை எடுத்துக் கொடுப்பார்கள். நம் சார் மாலிக்யூல் எடுத்துக் கொடுக்கிறார்.

லேபில் யாரும் 'ன்' சேர்ப்பதில்லை. "கோமதி எத்தன மில்லிகிராம் இருக்கு?" "கோமதிய ஃபிரிட்ஜ்ல வச்சியா?" இப்படித்தான்.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில் வந்துவிட்டது. லேப் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வயல் அறுப்பு மெஷின் தூசி, மூடினால் பிரிடின். மூடியே வைத்தேன், தூசிக்கு அரிப்பு எடுக்கும்.

பர்வீன் வாந்தி. காரணம் எழுத வேண்டும்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம். இலையின் சத்தைக் கரைத்தெடுக்கும் எத்தில் அசிடேட்டை ஒரு தடவை பயன்படுத்திவிட்டு ஊற்றிவிட மாட்டோம். காய்ச்சி வடித்து மூலையில் இருக்கும் பேரலில் சேர்ப்போம். தேவைப்படும்போது பேரலிலிருந்து எடுப்போம். எடுப்பது எப்படியென்றால், கொத்தனார் தண்ணிமட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் டியூபை உள்ளே விட்டு, வாயால் ஒரு இழுப்பு, உடனே கீழே விட்டால் பாட்டிலில் இறங்கும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறக்குவதைப் போலத்தான். டியூப் வருடம் முழுக்க பேரலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கும். இது சார் ஏற்படுத்திய முறை, அவருக்கு அதில் பெருமை வேறு. "வெளிநாட்டுக்காரன் பம்ப்பு வச்சிருக்கான். நமக்கு வாய் இருக்கு."

பர்வீனுக்கு இன்று வாய் நிறைய வந்துவிட்டது. பாவம், ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். அவள் எனக்கு இரண்டு வருட ஜூனியர், முத்துப்பேட்டைக்காரி. இலை வருவதே அவள் மாமா படகில்தான். கோமதினை எடுத்து அதிலிருந்து வேறு வேறு மருந்து தயாரிப்பது அவளுடைய ஆராய்ச்சி. என் மாடி விழுந்தால் அவள் குடியிருப்பது அதற்குக் கீழே.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னாள், "ரெண்டு நாளைக்கு எதத் தின்னாலும் நெயில் பாலிஷ் வாசனதான்க்கா."

பிறகு டியூபைப் பிடித்து வளைத்தாள். பட்டென்று ஒடிந்தது.

"தீபாவளிக்கு வாங்கினது. அப்ப இடியாப்பம் மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு. இப்பப் பாருங்க, முருங்கக்கா."

வருடத்துக்கு இரண்டு மூன்று டியூப் இப்படி விறைத்துப் போகும். கீழவாசல் ஹார்டுவேர் கடையில் புதிது வாங்கி வந்து பேரலில் விட்டோம்.

பக்கெட் வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

மெஸ்ஸில் இன்றும் நீர்த்த சாம்பார்.

பர்வீன் எம்.எஸ்சி. வகுப்புக்குச் செய்து காட்ட சால்கோன் தயாரித்தாள். பென்சால்டிஹைடு, அசிட்டோபீனோன், ஆல்கஹால், கொஞ்சம் காஸ்டிக் சோடா. கலக்கிக்கொண்டே இருந்தால் பால் திரிவது போல மஞ்சளாகத் திரியும். பாதாம் வாசனை. லேபில் வருகிற ஒரே நல்ல வாசனை அதுதான், அதையும் பிரிடினோடு சேர்த்து மோந்ததில் பாயசத்தில் பல்லி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. படிகத்தைச் சுத்தம் செய்ய, கண்ணாடிக் குழாயில் சிலிக்கா நிரப்பி, பேரல் எத்தில் அசிடேட்டில் ஓட்டினாள். வழிந்ததை, கலவையில் இருப்பதைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டில் வைத்து யு.வி. விளக்கில் பார்த்தாள்.

"அக்கா, கோமதி வந்திருக்காங்க."

சாரின் மனைவி கோமதி மேடம்தான் நேரில் வந்துவிட்டார் என்று துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு எழுந்தேன். அவள் தகட்டைக் காட்டினாள். சால்கோன் புள்ளிக்கு மேலே இன்னொன்று. அதே உயரம், அதே நிறம். ஐந்து வருடமாகப் பார்க்கும் முகம், எனக்கா தெரியாது.

"கண்ணாடிய சரியா கழுவியிருக்க மாட்ட."

"புதுக் கண்ணாடிக்கா. இலையே போடல."

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். கழுவும் தொட்டியில் நின்று குடுவையைத் தேய்க்கும்போதுதான் அந்த ஒடிந்த டியூப் ஞாபகம் வந்தது. இடியாப்பம் எப்படி முருங்கைக்காய் ஆனது? அதிலிருந்த குழைவு எங்கே போனது?

பிளாஸ்டிக் தானாகக் குழையாது. குழைய வைக்க ஓர் எண்ணெய் சேர்ப்பார்கள். அதன் பெயர் தாலேட். பென்சீன் வளையம். அடுத்தடுத்த இரண்டு மூலை. இரண்டு எஸ்டர் கை.

இதை எழுதும்போதே வாய் கசக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

ஒருவரிடமும் சொல்லவில்லை. காலை முதல் வேலை, பேரலில் இருந்ததை மட்டும் ஒரு குடுவையில் எடுத்து ஆவியாக்கினேன். இலை இல்லை, சிலிக்கா இல்லை, எதுவும் இல்லை. அடியில் எண்ணெய் தங்கியது. புள்ளி வைத்தேன். கோமதி.

அடுத்து, கடையிலிருந்து வாங்கியதில் பேரலில் விடாமல் மிஞ்சிய புது டியூபில் ஒரு துண்டு வெட்டி, சீல் உடைக்காத புது பாட்டில் எத்தில் அசிடேட்டில் ஊறப் போட்டேன். சாயங்காலம் ஆவியாக்கினேன். கோமதி.

கடைசியில், புது பாட்டில் எத்தில் அசிடேட்டில், டியூப் படாமல், இலையை மட்டும். பச்சை, மஞ்சள், பிசுக்கு, மெழுகு, என்னென்னவோ. கோமதி இல்லை.

இலையைக் காய வைத்து, இடித்து, ஊற வைத்து, வடித்து, நாள் முழுக்க நின்று சொட்டுச் சொட்டாகப் பிடித்து, சின்னச் சின்னக் குப்பியில் பெயர் எழுதி வைத்ததெல்லாம் கொத்தனார் டியூபின் சாறு. அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்காத குறை.

எனக்கு என்னைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. படித்தவள். டியூப் விறைக்கும்போதெல்லாம் கடைக்காரனைத் திட்டிவிட்டு வேறு வாங்கி வந்தவள்.

பர்வீன் சாப்பிடக் கூப்பிட்டாள். கேன்டீன் போண்டாவைப் பிய்த்தால் எண்ணெய். எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். லேப் எனக்கு மட்டும்.

புள்ளி ஒரே உயரம் என்பதை வைத்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானே தாலேட்டைத் தயாரித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அதைத்தான் இன்று செய்தேன்.

தாலிக் அன்ஹைட்ரைடு, வெள்ளைச் செதில். 2-எத்தில்ஹெக்ஸனால், அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக. ஒரு சிட்டிகை அமிலம். டொலுவீன் ஊற்றி, தண்ணீரைப் பிரித்துப் பிடிக்கும் கண்ணாடிக் கையை மாட்டி, கொதிக்க விட்டேன். டியூப் எதுவும் உள்ளே படவில்லை, கிரீஸ்கூட இல்லை. அந்த ஆல்கஹால் நாற்றம் இருக்கிறதே, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூன்று நாளாகத் தலையில் வைத்திருக்கும் மல்லிகையும் எண்ணெயும் மாதிரி. தலைவலி.

முதல் கையை அன்ஹைட்ரைடு சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது கை ஒட்டும்போதுதான் தண்ணீர் வெளியேறும். டொலுவீன் ஆவியோடு மேலே வந்து, குளிர்ந்து, அந்தக் கண்ணாடிக் கையில் அடியில் போய் உட்காரும். அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சொட்டு விழுவது நின்றதும் வேலை முடிந்தது. சோடா உப்புக் கரைசலில் கழுவினேன், நுரைத்தது. உப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, டொலுவீனையும் மிச்ச ஆல்கஹாலையும் இழுத்துவிட்டேன்.

நிறமில்லை. வாசனையில்லை. குடுவைச் சுவரில் மெதுவாக வழிகிறது.

காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. முத்துப்பேட்டைக்குப் போகவில்லை, படகு இல்லை, சேறு இல்லை. என் பி.எச்.டி.யை அரை நாளில் வேறொரு வழியில் செய்து முடித்தாயிற்று.

மிட்டாய் பையிலேயே உருகிவிட்டது. சீ.

ஜனவரி 28, புதன்

மேகமூட்டம். அறுப்பு நேரத்தில் மழை வந்துவிடுமோ என்று அப்பா போனில் புலம்பல்.

என்.எம்.ஆர்., மாஸ் என்று ஒரு பொருளின் கைரேகை மாதிரியான இரண்டு படமும் கிடைத்தன. என் தயாரிப்பின் படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் பழைய கோமதின் படத்தை வைத்தேன். வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு மயிரிழை விலகல் இல்லை. மாஸில் 149. தாலேட் என்றால் அந்த எண்தான், பாடப் புத்தகத்திலேயே உண்டு. பழைய படத்திலும் 149 கோபுரம் மாதிரி நிற்கிறது.

அப்படியானால் சார் எப்படிப் புதியது என்று எழுதினார்? கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கணக்கும் பழைய தாலேட்டுக்குப் பொருந்துகிறது. ஒரு கையில் இருக்கும் கிளையை மட்டும் ஒரு கார்பன் தள்ளி வரைந்திருக்கிறார். தள்ளி வரைந்ததற்குக் காரணம் எங்கும் இல்லை. தள்ளி வரைந்ததால் புதியது.

தெரியாமல் செய்திருப்பார் என்று இரண்டு தடவை எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்குப் பூசணிக்காய் எது என்று தெரியாமலா இருக்கும்.

ஜனவரி 30, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் மேஜையில் மணிவிழா சமையல்காரர் மாதிரிக்கு அனுப்பிய இனிப்புத் தட்டு. அசோகா, ஜாங்கிரி, ஏதோ ஒரு பர்பி.

"எடுத்துக்கம்மா. திருவையாறு ஆளு. நெய் எப்புடி நிக்குது பாரு."

வேண்டாம் என்றேன். இரண்டு படத்தையும் வைத்தேன். "ஒண்ணு கோமதின் சார். இன்னொண்ணு நான் லேப்ல செஞ்ச தாலேட். ரெண்டும் ஒண்ணுதான். இலையில ஒண்ணுமில்ல, பேரல் டியூப்லேர்ந்து வருது."

சார் பதறவில்லை. அசோகாவை வாயில் போட்டுக்கொண்டு, அந்த விரலாலேயே 149ஐத் தட்டினார். காகிதத்தில் நெய் பரவியது.

"இது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அது எதுக்கு இப்ப? உலகம் பூரா இதையே இலையில எடுத்தேன், பாசியில எடுத்தேன்னு எழுதிக்கிட்டு இருக்கான். நாம எழுதினா மட்டும் வானம் இடிஞ்சு விழுந்துருமா?"

அவராகவே ஒரு வழி சொன்னார். "சரி, உனக்கு மனசு உறுத்துதுன்னா ஒண்ணு பண்ணு. முத்துப்பேட்ட லகூன்ல பிளாஸ்டிக் குப்ப கெடக்கா இல்லியா? மரம் அத உறிஞ்சி இலையில சேத்து வைக்குதுன்னு ஒரு பாரா போடு. சுற்றுச்சூழல் கோணம். இன்னும் நல்லாப் போகும்."

"இலை போடாமலும் வருது சார்."

"அத யாரும்மா கேக்கப் போறா?"

கழுவுற மீனில் நழுவுற மீன். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. அன்பாகவே பேசினார். "மே மாசத்துக்கு அப்புறம் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் கெடையாது செல்வி. நாம எல்லாரும் ஒரே பஸ்ல போறோம். நடுவுல குதிச்சா அடி உனக்குத்தான்." பிறகு, "மேடம்கிட்ட இதையெல்லாம் உளறிக்கிட்டு இருக்காத. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு."

படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நெய்க்கறை போகவில்லை. அந்த மனிதர் காலில் ஆசிரியர் தினத்துக்கு விழுந்திருக்கிறேன், அதை நினைத்தால் நெற்றியைத் தேய்த்துக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஊர். மழை ஏமாற்றிவிட்டது, நல்லவேளை. எங்கள் வயலில் மெஷின் இறங்கியது. இதே வயலில் தாத்தா கூலிக்கு அறுத்தார், இப்போது பட்டா அப்பா பெயரில். அப்பா வரப்பில் நின்றுகொண்டு டிரைவரை வேலை வாங்குவதைப் பார்க்க அம்மாவுக்கு அலுக்காது.

தெருவில் நுழைந்ததும் எதிர்வீட்டு அத்தை, "டாக்டரம்மா, முட்டி வலிக்கு என்ன போடலாம்?" ஒவ்வொரு தடவையும் இதே கிண்டல். இன்று சிரிப்பு வரவில்லை.

அம்மா புது அரிசியில் ஒரு சிப்பம் கட்டி வைத்திருந்தாள். சார் வீட்டு விசேஷத்துக்கு.

"எதுக்கும்மா இது?"

"வெறுங்கையோடயா போவ? அவரு இல்லன்னா உனக்கு ஏதுடி படிப்பு."

அப்பா, "சார் தங்கமான மனுசன். போன் பண்ணினா எவ்வளவு மரியாதையாப் பேசுறாரு" என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? தாலேட் என்றா, சார் திருடர் என்றா? அப்பா உடம்பெல்லாம் நெல்லுச் சுணை அரிக்கிறது என்று குளிக்கப் போய்விட்டார்.

எனக்கும் அரிப்பு. தூசியா, அந்த அரிசி சிப்பமா.

பிப்ரவரி 3, செவ்வாய்

பர்வீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்பட மாட்டாள் என்று தெரியும், ஆனால் என்னிடம் கோபப்படுவாள் என்று நினைக்கவில்லை.

"இலை போடலன்னு நானே வாயத் தொறந்து சொன்னேன் பாருங்க. என்னச் சொல்லணும்."

"அப்ப மூணு வருஷம் கழிச்சு நீயே கண்டுபிடிச்சிருப்ப."

"மூணு வருஷம் கழிச்சு நான் துபாய்ல இருப்பேன்க்கா." நோன்பு முடிந்து அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டில் டாக்டர் மருமகள் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "வாப்பா என்னய படிக்க வைக்கிறதுக்காக சொந்தத்துல எத்தன பேர்கிட்ட பேச்சு வாங்கினாங்க தெரியுமா? நீங்க இத வெளிய சொன்னா நானும் போச்சு. சொல்லாட்டி நீங்களும் பாஸ், நானும் பாஸ். யாரு சாகப் போறா?"

யாரும் சாக மாட்டார்கள். நாளைக்கு எங்கேயோ ஒருத்தி எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அலையாத்தி இலையைக் காய வைப்பாள், அவ்வளவுதான்.

பிறகு அவளே டீ வாங்கி வந்தாள். டீயிலும் நெயில் பாலிஷ்.

சினாப்சிஸ் 4ஆம் அத்தியாயம் இன்னும் காலி.

பிப்ரவரி 5, வியாழன்

திருக்கடையூர். வெயில், கூட்டம், புகை. ஒரே நேரத்தில் எத்தனை அறுபதாம் கல்யாணம். ஒரு ஜோடி எழுந்தால் அடுத்த ஜோடி, ஈரத்தரை வழுக்குகிறது.

மண்டப வாசலில் நானும் பர்வீனும். சந்தனம், கற்கண்டு, பன்னீர். பன்னீர் வாசனையும் ஒரு பென்சீன் வளையம்தான். அதுவாவது ரோஜாவிலிருந்து வந்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும். வந்தவர்கள் மேலெல்லாம் தெளித்தேன்.

மலர் வெளியீடு. சார் மைக்கில், "கோமதினைப் பத்தி நம்ம செல்வி ரெண்டு வார்த்த பேசுவாங்க" என்றார். முன்கூட்டி சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். மேலே போனேன். சார் வேலை செய்யக் கற்றுக் கொடுத்தார், இருவரும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கோமதின் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. கைதட்டினார்கள். கோழை.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார். அபிஷேகத்தில் நனைந்த தலை இன்னும் காயவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் அதிகம் பேசியதில்லை.

"ஏம்மா, மேடையில அதப் பத்தி ஒண்ணுமே சொல்லல?"

கூச்சம் என்றேன்.

"எங்க அக்கா கேக்குறாங்க, உன் பேர்ல இருக்கிறது என்ன வியாதிக்குன்னு. இவரக் கேட்டா கண்டபடி பெருசா சொல்றாரு. நீதானே எடுத்த, நீ சொல்லு. என்ன அது?"

சுற்றிலும் சாப்பிட்ட இலை வாசனை, கொட்டிய ரசம். பொய் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. வாயில் வரவில்லை.

"அது பிளாஸ்டிக் டியூப குழைய வைக்கிற எண்ணெய் மேடம். இலையில இல்ல. எங்க லேப் டியூப் கரைஞ்சு வந்தது."

"அவருக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, மேடம் அதை இறுக்கி மூடினார். "முப்பது வருஷம் பிள்ளைங்க நோட்ட திருத்தினவ நான். என் பேர எடுத்துரச் சொல்றேன்."

"கட்டுரையையே நிறுத்தச் சொல்லுங்க மேடம்."

"அது உங்க பாடு. எனக்கு என் பேரு போதும்."

போய்விட்டார். உள்ளே போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள், மாலையோடு போய் சார் பக்கத்தில் நின்றார். நன்றாகத்தான் சிரித்தார். அவர் மேல் எனக்கு வந்த மரியாதை அந்தக் குழாயடியிலேயே பாதி போய்விட்டது.

பிப்ரவரி 7, சனி

பனி இல்லை. ஹாஸ்டல் தண்ணீர் வரவில்லை. புது பக்கெட் இருந்தும் புண்ணியமில்லை.

காலையில் சாரின் மெயில், கட்டுரையில் பெயர் உள்ள எல்லோருக்கும் நகல். கட்டுரையின் திருத்திய வடிவத்தை இதழுக்கு அனுப்பிவிட்டாராம். லகூன் குப்பை பாரா சேர்ந்திருக்கிறது, அழகான ஆங்கிலத்தில். கிளை அதே தள்ளி வரைந்த இடத்தில். மேடம் பெயர் எங்கும் இல்லை. இனி அந்தப் பொருளுக்கு என் முழுப்பெயர், தமிழ்ச்செல்வின். "ஐந்து வருட உழைப்புக்கு என்னாலான மரியாதை" என்று கடைசி வரி.

இருபது பக்கத்தில் என் பெயர் எத்தனை இடத்தில். படிக்கப் படிக்க உடம்பில் எச்சில் பட்ட மாதிரி. பிரிடினைக்கூட இப்படி நான் வெறுத்ததில்லை.

பர்வீன் போன். "மெயில் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன பண்ணப் போறீங்க?" நான் பதில் சொல்வதற்குள், "சொல்லாதீங்க. எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

இதழின் ஆசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன். ஐந்து வரி. இந்தப் பொருள் புதியது அல்ல, இலையிலிருந்து வந்ததும் அல்ல, இதோ நான் தயாரித்த தாலேட், இதோ இலை போடாத சோதனை, என் பெயரைப் பொருளிலிருந்தும் கட்டுரையிலிருந்தும் எடுத்துவிடவும். படங்களை இணைத்தேன். நெய்க்கறை படிந்ததையே ஸ்கேன் செய்தேன், வேறு பிரதி எடுக்கப் பொறுமையில்லை. சாருக்கும் ஒரு நகல். இதற்குப் பிறகு அவர் கையெழுத்து கிடைக்காது. மே மாதமும் கிடையாது, எந்த மாதமும் கிடையாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

அனுப்புவதற்கு முன் அம்மா போன். பின்னால் ஒரே கூட்டம், எதிர்வீட்டு அத்தை குரலும் கேட்டது.

"சார் போன் பண்ணாருடி. உன் பேர்ல மருந்து வருதாமே. அப்பாவுக்குப் பேச்சே வரல. தெருவுக்கே மிட்டாய் வாங்கியாரப் போயிருக்காரு."

அடுத்த மூச்சில் கேட்டாள், "அது எதுக்குடி கேக்கும்? சளிக்கா, காச்சலுக்கா? அத்தை தெரிஞ்சுக்கணுமாம்."

மெயிலை அனுப்பிவிட்டேன்.

"எதுக்கும் கேக்காதும்மா" என்றேன்.